நாற்பத்து மூன்றாம் நம்பர் கொட்டாயும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரும்

நம்ம வூட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போய் லினக்ஸ் வந்த கதையை நீங்க ரெண்டு பேரும் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீங்க. பெரியவள் ஹாஸ்டலில் இருந்தாள். சின்னவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நடந்தபோது வூட்டில் இருந்தது நானும் உங்க அம்மாவும்தான். அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். நான் ஐடிஐ வரைக்கும் படித்தவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்க.

அந்த வருஷம் நம்ம குடும்பத்துக்கு ரெண்டு நோட்டீஸ் வந்தது. முதல் நோட்டீஸ் உங்க மாமாவுக்கு, வளையமாதேவி பக்கத்திலிருந்த அம்மாவின் பிறந்த வூட்டுக்கு. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறோம் என்று. ரெண்டாவது நோட்டீஸ் நம்ம கம்ப்யூட்டரின் திரையிலேயே வந்தது. இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது, அடுத்த விண்டோஸ் இந்தப் பெட்டியில் ஏறாது என்று. மூடினால் மறுநாள் மறுபடி வரும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் தேதி குடுத்துட்டானுங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் திரை எரியும்போது அவள் அந்தப் பக்கம் உட்காருவதில்லை.

மாமா வூட்டுக்கு அளக்க வந்தவர்கள் முதலில் சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டார்கள். வூடு, மாட்டுக்கொட்டகை, மோட்டார் கொட்டாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கிணற்றை ஒட்டி இருந்த மோட்டார் கொட்டாய்க் கதவில், கிணற்றுக்கும் சேர்த்து, நாற்பத்து மூன்று. மாமா தன் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்தார். போனில் இடம் நிறைந்துபோனதும் நம்ம வூட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் இயந்திரம் வந்தது. வூடும் இல்லை, கொட்டாயும் இல்லை, கிணறும் இல்லை. மண்ணைச் சமமாக நிரவிவிட்டுப் போனார்கள். கிணறு இருந்த இடம் எது என்று மாமாவாலேயே காலால் அளந்து சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் நஷ்டஈட்டு லிஸ்ட் வந்தது. அதில் நாற்பத்திரண்டுக்கு அடுத்து நாற்பத்து நான்கு. கொட்டாயும் இல்லை, கிணறும் இல்லை. மாமா ஆபீஸில் கேட்டதற்கு, "நம்பர் எழுதும்போது ஒண்ணு விட்டுப்போயிருக்கும். அப்படி ஒரு கொட்டாயே இருந்திருக்காது. இருந்துச்சுன்னா காட்டுங்க" என்றார்களாம். காட்டுவதற்கு ஒரு தேதியும் சொல்லி அனுப்பினார்கள். காட்ட வேண்டியது நம்ம கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை.

அந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் லினக்ஸ் போடக் கிளம்பினேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. பத்து நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் திரையில் அந்த நோட்டீஸ் தினம் வந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு போன பெட்டியில் வைரஸ் புகுந்து படங்களைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் என்னைத் தள்ளியது.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே பாய், அவரிடம் கேட்டேன்.

"புது விண்டோஸ் இதுல ஏறாதுண்ணே. ஒண்ணு, புதுப் பெட்டி வாங்கணும். இல்லன்னா லினக்ஸ் போடணும்."

"லினக்ஸ்னா இஞ்சினியருங்க ஓட்டுறது இல்லையா பாய்? கறுப்புத் திரையில என்னென்னமோ அடிச்சுகினு இருப்பாங்களே."

"அது சினிமாவுல. இப்ப வர்றது வேற. மூணு வகை பென்டிரைவ்ல போட்டுத் தரேன். பொட்டியில சொருகி ஓட்டிப் பாருங்க. இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும். பொண்ணு பாக்கப் போற மாதிரி, பாத்துட்டு வந்துடலாம், தாலி கட்டணும்னு இல்ல."

"மூணு பொண்ணா? உன் அண்ணிகிட்ட சொல்லிடாத."

பாய் சொன்னது சரிதான். பென்டிரைவைச் சொருகினால் விண்டோஸைத் தொடாமலேயே லினக்ஸ் எழுந்து வந்தது. பழைய வூட்டைக் காலி செய்யாமலேயே புது குவார்ட்டர்ஸைத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது. எதை எடுப்பது என்பதற்கு நான் ஒரே ஒரு பரீட்சைதான் வைத்தேன். உங்க அம்மா யாரையும் கேட்காமல் அண்ணன் வூட்டுப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதலில் உபுண்டு. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கீழே இருக்க வேண்டிய பட்டை இடது பக்கம் நின்றது, நம்ம பழைய பெட்டியில் கொஞ்சம் திணறியும் ஓடியது. அம்மா மவுஸைப் பிடித்துக்கொண்டு, "இதுல எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். ரெண்டாவது ரொம்ப லேசான ஒன்று. வேகமாக ஓடியது, ஆனால் சாமான் இறக்காத வூடு மாதிரி வெறிச்சென்று இருந்தது. மூன்றாவது மின்ட். கீழே இடது ஓரத்தில் பட்டன், அதை அமுக்கினால் பட்டியல், பழகின இடத்தில் பழகின சாமான். தமிழ் எழுத்து உடையாமல் வந்தது. பிரிண்டரை அதுவே கண்டுகொண்டது. அம்மா தானாகவே உள்ளே போய்ப் படத்தைத் திறந்துவிட்டாள். திறந்தது கொட்டாய்ப் படம். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் அண்ணன் காயப்போட்ட துண்டு கிடந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்து போனாள்.

அந்தப் படங்களைப் பத்திரமாக வைக்கத்தான் பாய் கடையில் ஒரு பழைய டிஸ்க் வாங்கியிருந்தேன், யாரோ விற்றுவிட்டுப் போனது. நம்ம டிஸ்க்கின் அதே அளவு, அதே கம்பெனி. அதையும் பெட்டிக்குள்ளேயே மாட்டி, படங்களை அதற்கு மாற்றினேன். காப்பி எடுக்கவில்லை. வெட்டி ஒட்டினேன். வூடு மாறுகிறவன் ரெண்டு வூட்டிலும் சாமான் வைக்கமாட்டானே, அந்தப் புத்திதான் வேலை செய்தது. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை அழிக்கப்போகிறோம், அங்கே எதற்கு ஒரு பிரதி என்று நினைத்தேன்.

பெரியவளே, நீ அன்றைக்குப் போனில் சொன்னது எனக்கு நினைவு இருக்கிறது.

"அப்பா, இன்ஸ்டால் பண்றப்ப போட்டோ டிஸ்க்கைக் கழட்டி வெளிய வச்சிடு."

"எது எதுன்னு எழுதி வச்சிருக்கேன்டி. எனக்குத் தெரியாதா?"

"எழுதுறதெல்லாம் இருக்கட்டும், கழட்டுப்பா."

"சரி சரி, நீ கிளாசுக்குப் போ."

நான் கழட்டவில்லை. லினக்ஸ் டிஸ்க்குகளை எழுத்து வைத்துக் கூப்பிடும். பரீட்சை பார்த்த நாளில் விண்டோஸ் இருந்தது ஏ, படங்கள் இருந்தது பி. அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டியிருந்தேன். நான் இருபது வருஷமாக நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில், கரி கொண்டுபோகிற பெல்ட் பார்க்கிறவன். எங்களுக்கு எல்லாமே நம்பர்தான். ஏழாம் பெல்ட் என்றால் அது காலையிலும் ஏழு, மழையிலும் ஏழு. அதிகாரிகள் உட்கார்ந்து பேசி மாற்றுகிற வரைக்கும் அது தானாக எட்டு ஆகாது. ஆகவே ஏ என்றால் ஏ என்று நம்பினேன்.

பெல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் நாங்கள் மின்சாரத்தை நிறுத்தி, அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். பக்கத்து ஆள் "நிறுத்தியாச்சுண்ணே" என்று சொன்னால்கூடக் கேட்கமாட்டோம். நானே பார்த்து, நானே பூட்டுவேன். வேலையில் ஒருநாள்கூட விடாத பழக்கம். வூட்டு மேசையில் அது நினைவுக்கு வரவில்லை. இங்கே யாருக்குக் கை போகப்போகிறது என்று நினைத்திருப்பேன்.

ரெண்டாம் ஷிப்ட் வாரம் அது. மதியம் ரெண்டு மணிக்குத்தான் வேலை. காலையில் பெட்டியைத் திறந்தேன். நம்ம ஊரில்தான் தெரியுமே, மூடி வைத்த பாத்திரத்துக்குள்ளும் கரித்தூள் போய்விடும். பெட்டிக்குள் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு. ஒயர்களை எல்லாம் பிடுங்கி, பிரஷ்ஷால் தள்ளி, துடைத்து, திரும்ப மாட்டினேன். நல்ல வேலை செய்ததாக ஒரு திருப்திகூட இருந்தது. எந்த ஒயரை எந்த இடத்தில் சொருகினேன் என்று பார்க்கவில்லை. ரெண்டும் ஒரே மாதிரி சிவப்பு ஒயர். சொருகுகிற இடம் மாறினால் லினக்ஸ் கூப்பிடுகிற எழுத்தும் மாறும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பென்டிரைவைச் சொருகி மின்ட்டை எழுப்பி, இன்ஸ்டால் என்பதை அமுக்கினேன். மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது. அப்புறம், டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது. எந்த டிஸ்க் என்றும் கேட்டது. சீட்டைப் பார்த்து ஏ என்று கொடுத்தேன். இதைச் செய்தால் திரும்ப வராது என்று அது எச்சரித்தது. அந்தப் பெட்டி எனக்குச் சொன்ன எச்சரிக்கைகளிலேயே உண்மையானது அதுதான். நான் அமுக்கிவிட்டேன்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை மெல்ல நகர்ந்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். தூரத்தில் மைன்ஸ் சத்தம் எப்போதும்போல் உறுமிக்கொண்டிருந்தது. அது நமக்குச் சத்தமே கிடையாது. நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம். காபியை எடுத்தவனுக்கு ஏதோ குறைகிறது என்று பட்டது. என்ன என்று தெரியவில்லை. பெல்ட் ஓரமாக நடக்கும்போது ரோலர் சத்தத்தைக் கேட்டே எது கெட்டிருக்கிறது என்று சொல்கிற காது என்னுடையது. உட்கார்ந்து கேட்டேன்.

நம்ம விண்டோஸ் டிஸ்க் வேலை செய்யும்போது கிர்ர் கிர்ர் என்று தேய்க்கும், நினைவிருக்கிறதா? சின்னவள்கூட அதை "எலி" என்பாள். பாயிடம் வாங்கிய டிஸ்க் சத்தமே போடாது. இப்போது பட்டை நகர்கிறது, எழுதிக்கொண்டிருக்கிறது, எலி சத்தம் இல்லை.

நான் பெட்டிக்குள் கையை விட்டு ரெண்டு டிஸ்க்கையும் தொட்டுப் பார்த்தேன். விண்டோஸ் டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. படங்கள் இருந்த டிஸ்க் விரலுக்குக் கீழே மெதுவாகத் துடித்தது.

எங்கள் பெல்ட் நெடுக ஓரமாக ஒரு கயிறு ஓடும். ஆள் மாட்டிக்கொண்டால் யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். யோசித்து இழுக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள். நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். கை பட்டுக் காபி கொட்டித் தரையில் ஓடியது.

அம்மா ஓடி வந்தாள். "என்னங்க? ஷாக் அடிச்சிடுச்சா?"

அவள் பெட்டியைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "எது போச்சு?" என்று கேட்டாள்.

"படம்."

"எங்க வூடா?"

தலையை ஆட்டினேன். அவள் தரையில் ஓடிய காபியைத் துணி போட்டுத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

பாய்க்குப் போன் போட்டேன். அவர் கேலி செய்யாமல் பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "பிளக்கைப் புடுங்கினது நல்லதுண்ணே. இனிமே அதுக்குக் கரன்ட் குடுக்காதீங்க. அதுல ஒரு எழுத்து எழுதினாலும் உள்ள கீறது மேல மண்ணைக் கொட்டுற மாதிரி. கழட்டி எடுத்துகினு வாங்க."

பாய் அதைத் தன் பெட்டியில் மாட்டி, லினக்ஸிலேயே ஓடுகிற ஒரு தேடும் புரோகிராமை விட்டார். ரெண்டு நாள் ஓடியது. அந்த ரெண்டு நாளும் மாமா போன் செய்தார். "படத்தைப் பெருசா பிரின்ட் போட்டு வச்சிரு மச்சான், அவனுங்க மூஞ்சில வச்சித் தேய்க்கிறேன்" என்றார். நான் சரி மச்சான், சரி மச்சான் என்றேன். ஷிப்டில் பெல்ட் ஓரமாக நடக்கும்போது கரியைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மேலே இருந்த மண் யார் வூட்டு மண்ணோ என்று தோன்றியது. அதற்கு முன் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அதுதான் சோறு போடுகிறது.

மூன்றாம் நாள் காலையில் பாய் கூப்பிட்டார். நானும் அம்மாவும் போனோம். ஆயிரக்கணக்கில் படங்கள் திரும்பி வந்திருந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை. வரிசையும் இல்லை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நம்ம சின்னவள் பிறந்தநாள். திரைக்குப் பின்னால் போட லினக்ஸ் தன்கூடக் கொண்டுவந்த மலைப் படம். ஒரு கல்யாணம், அதில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியவில்லை.

"இது யாரு பாய்?"

"டிஸ்க்கை முன்னாடி வச்சிருந்தவங்களா இருக்கும். அழிச்சிட்டுதான் குடுத்தாங்க. தோண்டினா எல்லாம் மேல வருது."

அம்மா தள்ளிக்கொண்டே போனாள். அந்தத் தெரியாத குடும்பத்தின் தென்னைமரம், மாடு, வாசலில் நிற்கிற ஒரு பெண். திடீரென்று அம்மாவின் கை நின்றது. ஓட்டு வூடு ஒன்று. சுவரில் சிவப்பு பெயிண்டில் நம்பர்.

"இது எங்க வூடு இல்ல," என்றாள்.

பாய் எட்டிப் பார்த்தார். ஊரைச் சொல்லவில்லை. "அந்தத் தெரு இப்ப இல்ல அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

மாமா எடுத்த வீடியோ ஒன்றுகூட வரவில்லை. கொட்டாய் இருந்த படங்களில் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் பாதி. மேல் பாதி தெளிவாக இருந்தது. வானம், கொட்டாய்க் கூரை, கதவு, கதவில் நாற்பத்து மூன்று, பக்கத்தில் கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பு, அதில் துண்டின் ஒரு நுனி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரே சாம்பல் நிறம், கத்தியால் வெட்டினதுபோல் நேர்கோட்டில். பூமியை எடுத்துவிட்ட பிறகு கொட்டாய் மட்டும் அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. நான் தினமும் வேலை செய்கிற பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் ஊர்கள் அப்படித்தான் தெரியும்.

மாமாவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். அடிக்க வருவார் என்று நினைத்தேன்.

"இன்னா மச்சான், அவனுங்க செஞ்சதையே நீயும் செஞ்சி வச்சிகினு வந்துகிற," என்றார். அடித்திருக்கலாம்.

சொன்ன நாளில் நானும் கூடப் போனேன். நிலம் எடுக்கிற ஆபீஸ் அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ்ப் பாதி எங்க?"

"அது உங்ககிட்டதான் சார் இருக்குது," என்றார் மாமா.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவில் இருந்த நம்பரைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நம்பர் போட்ட ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் வந்து, "என் கையெழுத்துதான் சார். மூணுக்கு நான்தான் இப்படி வால் விடுவேன்" என்றான். அதிகாரி லிஸ்ட்டை எடுத்து, நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவில் இருந்த இடத்தில் பேனாவால் நெருக்கி எழுதினார். கொட்டாய் ஒன்று, கிணறு ஒன்று. பக்கத்தில் கையெழுத்து. மாமா அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த கிணற்றை இல்லை என்றவர்கள், இல்லாத கிணற்றை இப்போது இருக்கிறது என்று எழுதினார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா, "சாம்பல் விழாம இருந்தா என் துண்டு முழுசா தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரத்தில் மின்ட்டைச் சரியாகப் போட்டேன். படங்கள் மீட்ட டிஸ்க்கைக் கழட்டி மேசையில் என் கண் முன்னால் வைத்து, ஸ்குருவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போட்டேன். எலி கிர்ர் கிர்ர் என்றது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்தப் பெட்டி நல்லாத்தான் ஓடுகிறது. அம்மா அதில் தானே படம் பார்க்கிறாள், சின்னவள் பாடம் அடிக்கிறாள். காலையில் திறந்தால் எந்த நோட்டீஸும் வருவதில்லை. சில நாள் அதுவே எனக்குத் திக்கென்று இருக்கிறது.

போன வாரம் நம்ம வூட்டு ஓனர் வந்தார். பக்கத்துத் தெருவில் நாலு பேர் டேப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், கையில் பெயிண்ட் டப்பா இருக்கிறது, கேட்டால் சும்மா கணக்கெடுப்பு என்கிறார்கள் என்றார். அம்மா உள்ளே போய் என் போனை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

வாசல், சமையல்கட்டு, நீங்க உயரம் அளந்து கோடு போட்ட கதவு, மாடிப்படி, பின்பக்கக் குழாய் எல்லாவற்றையும் எடுத்தேன். போனிலிருந்து அழிக்கவில்லை. வெட்டி ஒட்டவும் இல்லை. மூன்று பென்டிரைவில் காப்பி எடுத்தேன். ஒன்று பெரியவளுக்குக் கூரியரில் வருகிறது. ஒன்று சின்னவள் பையில் இருக்கிறது. ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழுசா இருக்குதா?" என்று கேட்டார்.

"முழுசா இருக்குது மச்சான். திறந்து பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு," என்றார்.

பார்த்தேன்.